ஆட்டத் தளமும் நம் நிலமும்

விளையாட்டென்பது வேலையற்றோர் தொழில் என்று கருதுவார் நம்மிடையே இன்னும் பலருளர். அவர் கூற்றை மறுப்பதற்கென்று இக்கட்டுரை எழுந்ததன்று. விளையாடுவதும் கல்வியின் ஓர் அங்கமே என ஒப்புக்கொண்டவர்கட்கே சில வார்த்தைகள் சொல்லப் புகுந்தேன். கற்பனைக் கதையாட்டங்களுக்குரிய தளத்துண்டுகளை விலைகொடுத்து வாங்கிச் சேர்க்கும் ஆசை இக்காலத்து மாணவர் சிலரிடத்தே தோன்றியிருக்கிறது. அவ்வாசை நன்றா தீதா, நன்றாயின் எவ்வாற்றான் நன்று என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வாட்டத்தை அறியாதார் பொருட்டு அதன் இயல்பைச் சுருங்கக் கூறுவேன். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சூழ அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் முதலிய பாத்திரங்களை ஏற்பர். இன்னது செய்கின்றேன் என்று ஒவ்வொருவரும் வாயாற் சொல்ல, அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். அவர்கள் நிற்கும் இடத்தைக் காட்டுதற்கு அமைந்தவையே தளத்துண்டுகள். அவை தடித்த அட்டையாலேனும் பிசினாலேனும் ஆனவை. ஒன்றில் குகைவழி, ஒன்றில் படிக்கட்டு, ஒன்றில் ஓடை, ஒன்றில் காடு என வரையப்பட்டிருக்கும். பெரும்பாலும் 1 அங்குலச் சதுரங்களாகக் கோடிட்டு, ஒரு சதுரம் 5 அடி நிலத்தைக் குறிப்பதாகக் கொள்வர். இவற்றை இன்று ஒருவகையாக இணைத்தால் ஓர் அரண்மனை. நாளை வேறுவகையாக இணைத்தால் ஒரு பாழுங்கோட்டை. சில துண்டுகளைக்கொண்டு எண்ணிறந்த நிலங்களை ஆக்கலாம் என்பதே இவற்றின் சிறப்பு.

இதன் வரலாறு நம் கருத்துக்குப் பெரிதும் துணைசெய்வது. பிரஷ்ய தேசத்தில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு ஒருவர், 1812ஆம் ஆண்டில், அரசர் மூன்றாம் பிரடெரிக் வில்லியத்திற்குப் போர்விளையாட்டு மேசையொன்றைச் செய்தளித்தார். ஆறும் குன்றும் ஊரும் சாலையும் வண்ணந்தீட்டிய சாந்துத் துண்டுகளாக அம்மேசையின் இழுப்பறைகளில் இருந்தன. வேண்டியவாறு அடுக்கிப் புதிய நிலங்களைப் படைக்கலாம். அரசகுடும்பத்தினர் அதனை விரும்பி ஆடினர். எனினும் அம்மேசை அரண்மனையிலேயே தங்கிவிட்டது. அவருடைய மகனார் வேறொரு வழியைக் கண்டார். சாந்துத் துண்டுகளை நீக்கி, 1:8000 என்னும் அளவில் வரைந்த காகித நிலப்படத்தின்மீதே ஆடுமாறு விதிகளைத் திருத்தி, 1824இல் வெளியிட்டார். அக்காகித ஆட்டம் பிரஷ்யப் படையெங்கும் பரவி, பின்னர்ப் பிறநாட்டுப் படைகளுக்கும் சென்றது. தந்தையின் வேலைப்பாடு ஓர் அறையை அலங்கரித்தது; மகனின் எளிய படமோ ஒரு சேனையைப் பயிற்றிற்று.

அம்மரபின் நெடுங்கிளையொன்றே இன்றைய கதையாட்டம். அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் இயற்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தது. ஈராண்டுக்குள், 1976இல், ஒன்றோடொன்று பொருந்தும் நிலவறைப் படத்தாள்கள் விற்பனைக்கு வந்தன. 2006 முதல் வண்ண அட்டைத்துண்டுகள் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. தொகுதி வரும்போது, அடுத்த தொகுதியின்மேல் ஆசையும் உடன்வருவது உலக இயற்கை.

சில திங்களுக்கு முன் இராஜபாளையத்து இளைஞர் ஒருவர் தாம் சேர்த்த துண்டுகளை எனக்குக் காட்டினார். பெட்டி பெட்டியாக இருந்தன; சிலவற்றின் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. "இவற்றை வைத்து எத்தனைமுறை ஆடியிருக்கிறீர்கள், தம்பி?" என்று வினவினேன். "இன்னும் இரண்டு தொகுதிகள் கிடைத்துவிட்டால் ஆடத் தொடங்கலாம், ஐயா" என்றார். சிரித்தேன். பிறகு, அவர் வீட்டுக்குப் பின்னுள்ள கண்மாய்க்கு நீர் எந்த மலையோடையினின்று வருகிறது என்று கேட்டேன். அவர் அறியார். வெட்கத்தோடு சொல்லுகிறேன், கேட்ட எனக்கும் தெரியாது. அன்று எழுந்த எண்ணமே இக்கட்டுரை.

தாலந்தைப் புதைத்துவைத்த ஊழியக்காரனின் உவமையை நம் கல்லூரியில் அறியாதார் இலர். அவன் அதைத் திருடவில்லை, செலவழித்து அழிக்கவுமில்லை, பத்திரமாகவே வைத்திருந்தான். அதுவே அவன்மேல் வந்த குற்றம். ஆடப்படாத ஆட்டத்துண்டும் அத்தகையதே. சேர்த்தல் ஓர் இன்பம் என்பதை நான் மறுக்கவில்லை. தபால்தலை சேர்ப்போர் அதனால் தேசங்களின் பெயரையேனும் அறிகின்றனர். தளத்துண்டோ பிறவற்றோடு பொருத்தப்படும்போது மட்டுமே தன் பயனை அடைவது. பெட்டியிற் கிடக்குங்கால் அது வெறும் அட்டையே.

மந்திரமும் பூதமும் நிறைந்த இவ்வாட்டம் பக்தியுள்ள மாணவர்க்குத் தகுமோ என்று ஐயுறுவாரும் உளர். 1980களில் அமெரிக்கக் கிறிஸ்தவப் பெற்றோர் பலர் இதே ஐயங்கொண்டு பெருங்கிளர்ச்சி செய்தனர். அவர்கட்கு நான் கூறும் விடை நெல்லைச்சீமையிலேயே இருக்கிறது. ஜான் பனியனின் நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. அதன் தலைவன் கடக்கும் இடங்கள் யாவும் கற்பனை நிலங்களே. பகைவரும் அரக்கரும் அங்கும் உண்டு. ஆன்மாவின் பயணத்தை ஒரு நிலப்படமாகக் கண்டவர் நம் புலவர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் ஆடும் பரமபதமும் ஏணியும் பாம்புமாக வரைந்த ஒரு பயணப்படமே அன்றோ? கற்பனை நிலத்தில் நடப்பது குற்றமன்று. அங்கே நடந்தவன் எத்தகைய மனத்தோடு திரும்புகிறான் என்பதே கேள்வி.

ஆட்டத் தளத்தைத் தாமே ஆக்கிக்கொள்ளும் பழக்கமும் நமக்குப் புதிதன்று. நம் நாட்டுக் கோயில் மண்டபங்கள் பலவற்றின் கற்றளத்தில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மூன்று புலியும் பதினைந்து ஆடும் ஆட அங்கே கூழாங்கற்கள் போதும். கொலுப்படியின் அடியிலே மணலைக் குவித்து மலையாக்கி, கடுகு முளைப்பித்து வயலாக்கி, கண்ணாடியைப் பதித்துக் குளமாக்குவர் பிள்ளைகள். கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டும் வீடுகளிலும் இவ்வாறே காகித மலையும் வைக்கோற் பாதையும் உண்டாகும். ஆண்டுதோறும் பிரித்துவைத்து மறுவாண்டு வேறுவிதமாக அமைக்கப்படும் இந்நிலங்கள் தளத்துண்டுகளின் உடன்பிறப்புகளே.

ஆகையால் நான் கூறும் யோசனை இது. துண்டுகளைச் சேர்க்க விரும்புவோர் சேர்க்கட்டும். ஆனால் தம் கையாற் செய்து சேர்க்கட்டும். அவற்றுள் ஒரு தொகுதியேனும் தம் ஊர் நிலமாக இருக்கட்டும். இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறக்குறைய 11 கிலோமீட்டர். ஓர் அங்குலத்திற்கு 5 அடி என்னும் கணக்கில் இவ்வழியை அமைக்கப் புகின், சற்றேறக்குறைய 600 அடி நீளமுள்ள மேசை வேண்டும்! ரைஸ்விட்ஸின் மகனார் கொண்ட 1:8000 என்னும் அளவை மேற்கொண்டாலோ நாலரை அடி போதும். நம் விடுதியின் உணவு மேசையே இடங்கொடுக்கும். 12.5 செண்டிமீட்டர்ப் பக்கமுள்ள ஒரு சதுர அட்டை ஒரு சதுர கிலோமீட்டர் நிலமாகும். நீளத்திற்குப் பதினொன்று, அகலத்திற்கு ஆறு என்று வைத்தால் அறுபத்தாறு அட்டைகள்.

அவ்வறுபத்தாறில் அடங்குவன எத்தனை! மேற்கே தொடர்மலை, அதன் அடியிலே செண்பகத்தோப்பு, காட்டழகர் கோயிலுக்கு ஏறும் வழி, 1988இல் நரை அணிலுக்கென ஒதுக்கப்பெற்று, 2021இல் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்த காடு. கீழே பதினொரு நிலைக் கோபுரமும், ஆடிப்பூரத்திலே ஆண்டாள் தேரோடும் வீதிகளும், திருமுக்குளமும். இப்புறம் சஞ்சீவி மலையும், நூலாலைகளும், மாந்தோப்புகளும். பூதம் காக்கும் புதையலைத் தேடி அயல்நாட்டு நிலவறைக்குச் செல்லவேண்டுவதில்லை. கதைக்கு வேண்டிய மலையும் காடும் இருளும் ஒளியும் இங்கேயே உள.

எல்லாவற்றினும் மேலாகக் கண்மாய்களைச் சொல்லவேண்டும். மலையில் பெய்த மழை ஓடைவழி இறங்கி ஒரு கண்மாயை நிரப்பும். நிரம்பியது கலிங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாயைச் சேரும். இடையில் ஒரு வாய்க்கால் தூர்ந்தாலும், ஒருவர் அதை மறித்து வீடு கட்டினாலும் கீழூர் வறண்டுபோம். பெருமழை வந்தாலோ மேலூர் மூழ்கும். அட்டைகளை இணைப்போன் ஓர் ஓடைத்துண்டைத் தவறாக வைத்தால் நீர் எங்கும் போய்ச் சேராது. பிழை மேசையின்மீது கண்ணுக்குத் தெரியும். எது எதனோடு இணைந்துள்ளது என்ற அறிவே இவ்வட்டைகள் தரும் பேறு. அவ்வறிவை விலைகொடுத்து எக்கடையிலும் வாங்க இயலாது. வரப்பில் நடந்தும், மடை திறப்பவரைக் கேட்டும், முதியோரிடம் பெயர்களைக் குறித்துக்கொண்டுமே அடைதல் கூடும். அப்பெயர்களைச் சொல்லவல்ல முதியோர் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றனர் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதற்குப் பொருட்செலவு மிகுமோ என்று அஞ்சவேண்டா. பழைய நாட்காட்டி அட்டையும், பசையும், வண்ணப் பென்சிலும், கத்தரிக்கோலும் போதுமானவை. நன்றாக அமைந்ததென்று தோன்றினால், அச்சுத்தொழிலிற் பேர்பெற்ற சிவகாசி நமக்கு அயலிலேயே இருக்கிறது.

கடையில் வாங்கிய துண்டுகள் யாவும் வீண் என்பது என் துணிபன்று. அவற்றின் சித்திர நேர்த்தி நம் கைக்கு எளிதில் வாராது. கண்டு கற்றற்கு அவை நல்ல மாதிரிகள். அவற்றை வைத்திருக்கும் நண்பர்களை நான் வேண்டுவது ஒன்றே. அடுத்த தொகுதிக்குக் காத்திராமல் இவ்வாரமே உறைகளைப் பிரியுங்கள், விடுதியில் துணையின்றி இருக்கும் முதலாண்டு மாணவர் இருவரை அழைத்து அமர்த்துங்கள், ஆடுங்கள். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லுங்கால் ஓர் அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைமேல் ஒருமுறை நடந்து வாருங்கள். நானும் என் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள அவ்வழியே வருவேன். அங்கே சந்திப்போம்.