டேட்டாபேஸ் மாறினா ஸ்கிரிப்ட் ஏன் உடையணும்?

ஃபெடோரா லினக்ஸ் 2020 அக்டோபர்ல, 33-ம் பதிப்பில், ஆர்பிஎம் டேட்டாபேஸை பெர்க்லி டிபி-யிலிருந்து எஸ்க்யூலைட்டுக்கு மாத்தினது சரியான முடிவு. பெர்க்லி டிபி 6-லிருந்து ஆரக்கிள் லைசன்ஸை ஏஜிபிஎல் ஆக்கினதால, ஃபெடோரா பழைய 5.3-லேயே நின்னுது. சிஸ்டத்துல என்னென்ன பேக்கேஜ் இருக்குன்னு சொல்ற கணக்குப் புத்தகம், பராமரிப்பு நின்னுபோன ஒண்ணை நம்பி இருக்கக் கூடாது.

ஆனா கான்ட்ராக்ட் வேலைக்குப் போற இடங்கள்ல, பழைய 'பேக்கேஜஸ்' கோப்பை நேரா திறந்து படிக்கிற ஸ்கிரிப்டை இன்னும் பார்க்கிறேன். புது சிஸ்டத்துல அந்தக் கோப்பே கிடையாது. அப்படி எழுதின செக்யூரிட்டி ஸ்கேன், ஒரு பேக்கேஜும் இல்லன்னு எடுத்துக்கிட்டு 'பிரச்சினை இல்ல'ன்னு ரிப்போர்ட் தரலாம். எரர் வந்தாகூடப் பரவாயில்ல, இதுதான் ஆபத்து.

கோப்பைத் தொடாதீங்க. 'ஆர்பிஎம் -க்யூஏ'ன்னு கேளுங்க. உள்ளே எந்த டேட்டாபேஸ் இருந்தாலும் பதில் சரியா வரும்.