மேஸ்திரிக்கு மேல் ஒரு மேஸ்திரி ஏன்?

தனிமரம் தோப்பாகாது என்பது முதுமொழி. கணினி உலகிலும் இதுவே நடைமுறை. நாம் ஒரு செயலி என்று சொல்வது பெரும்பாலும் ஒரே புரோசஸ் அன்று. பக்கங்களை அனுப்ப ஒன்று, பின்னணி வேலைகளுக்கு இரண்டு மூன்று, குறித்த நேரத்தில் பணிகளைத் தொடங்கி வைக்க ஒன்று எனப் பல கூடியே செயலி ஆகின்றது. இத்தோப்புக்குக் காவல் யார்?

முன்னாளில் லினக்ஸில் இனிட் ஸ்கிரிப்டுகள் இப்பணியைச் செய்தன. புரோசஸின் எண்ணை ஒரு கோப்பில் குறித்து வைப்பார்கள். அது மாண்டு, அதே எண் வேறொன்றுக்குப் போய்விட்டாலோ, குற்றமற்ற அயலானுக்கே தண்டனை! 2010-இல் லெனார்ட் பெட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் அறிமுகம் செய்த சிஸ்டம்டி இக்குறையைக் களைந்தது. ஒவ்வொரு சர்வீஸையும் அது சிகுரூப் என்னும் தனி வேலிக்குள் வைக்கின்றது. அதிலிருந்து பிறக்கும் பிள்ளைப் புரோசஸ்களும் அவ்வேலிக்குள்ளேயே அடங்கும்.

ஆயினும் பலர் செய்வது என்ன? ஃபோர்மேன் என்னும் கருவியை ஒரே சர்வீஸாக ஓடவிட்டு, எல்லாப் புரோசஸ்களையும் அதனிடம் ஒப்படைக்கின்றனர். ஃபோர்மேன் என்றாலே மேஸ்திரி, சிஸ்டம்டியும் மேஸ்திரி. ஃபோர்மேனின் கீழ் ஒரு புரோசஸ் விழுந்தால், அது மற்றவற்றையும் நிறுத்திவிடும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில், மின்னஞ்சல் அனுப்பும் புரோசஸ் விழுந்ததற்காக மதிப்பெண் காட்டும் பக்கமும் இருண்டு போவது நியாயமா?

வழி எளிது என்பேன். புரோக்ஃபைல் என்னும் சிறு கோப்பில் வரிக்கு ஒரு புரோசஸாக எழுதுவோம். நம் மேசைக் கணினியில் ஃபோர்மேன் அதனை இயக்கட்டும். சர்வருக்குச் செல்கையில், அதே கோப்பிலிருந்து சிஸ்டம்டிக்கு வேண்டிய கோப்புகளை ஃபோர்மேனே ஆக்கித் தரும். ஒவ்வொரு புரோசஸும் தனித்தனி சர்வீஸ். அனைத்தும் ஒரே டார்கெட்டின் குடைக்கீழ். ஒரு கட்டளையில் எல்லாம் எழும், எல்லாம் அடங்கும். விழுந்தது மட்டும் மீண்டும் எழும். எது ஏன் விழுந்தது என்பதையும் தனியே படிக்கலாம்.

சிஸ்டம்டி அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது என்பார் உளர். டெபியன் அதனை ஏற்க 2014-இல் முடிவு செய்தபின், பிரிந்து சென்றோர் டெவுவான் கண்டனர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், வீட்டில் ஏற்கெனவே ஒரு காவலன் இருக்கையில், அவனைச் சும்மா உட்கார வைத்துவிட்டு இன்னொருவனை அமர்த்துவது எவ்வகைச் சிக்கனம்?

நண்பர்களே, நாளை சர்வர்களைக் காக்கப் போகின்றவர்கள் நம்மில் பலர். புதுக்கருவி தேடுமுன், இருக்கும் கருவியை முழுதும் கற்போம்!