போர்வையை மடித்து வையுங்கள்

மெட்டாசர்ஃபேஸ் பற்றித் தமிழில் எழுத வந்தால் ‘ஆளை மறைக்கும் மாயப் போர்வை’ என்று தலைப்பு வைக்காமல் விடமாட்டார்கள். 2006இல் டியூக் பல்கலைக்கழகத்தில் மறைந்தது ஆளில்லை, சின்னச் செம்பு உருளை. அதுவும் மைக்ரோவேவுக்கு மட்டும், அரைகுறையாக.

ஏங்க, முகையூர்ல ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு நிஜத்தைச் சொன்னா புரியாதா? 2023இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ரிக்கார்டோ சபியென்சா குழு எடுத்துக்கொண்டது இண்டியம் டின் ஆக்ஸைடு படலம். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. உங்கள் போன் தொடுதிரையில் இருக்கும் அதே சரக்கு. லேசர் துடிப்புகளால் அதன் பிரதிபலிப்பை இரண்டு முறை சட்டென்று ஏற்றினார்கள். யங் சோதனையில் இரண்டு பிளவுகளும் இடத்தில் இருந்தன, இங்கே நேரத்தில். அதனால் குறுக்கீட்டு வரிகள் ஒளியின் அதிர்வெண்ணில் விழுந்தன. அசையாத கண்ணாடி ஒளியைத் திருப்பும், நிறத்தைத் தொடாது. நேரத்தோடு மாறுகிற பரப்பு அதையும் மாற்றும். இதில் மந்திரம் எங்கே வந்தது?

போர்வைக்காரர்கள் ஓய்ந்தால் ‘முன்னோர் அப்பவே சொல்லிட்டாங்க’ கோஷ்டி வரும். செய்தே காட்டிய முன்னோர் ஒருவர் இருக்கிறார். 1898இல் ஜெகதீஷ் சந்திர போஸ், முறுக்கிய சணலை வைத்து மின்காந்த அலையின் முனைவாக்கத்தைத் திருப்பினார். சணல் சார், சணல்! இவர்களுக்கு அவர் செடிக்கு உணர்வு உண்டு என்றவர், அவ்வளவுதான்.