துப்பாக்கிக்குக் காசு இருக்கு, கண்ணுக்கு இல்லையா?

கந்தப்பளை உறவுகளே, தோட்டங்களிலிருந்து வாசிக்கும் நண்பர்களே,

பெருநாள் காசு கைக்கு வந்ததும் நம் பிள்ளைகளில் பலர் முதலில் ஓடுவது பிபி துப்பாக்கி வாங்கத்தான். தீபாவளிக்கும் ஏப்ரல் சீசனுக்கும் இதே கதைதான். ஆசிரியர்களாகிய நாங்கள் வாய் திறந்தால், "அது சும்மா விளையாட்டுச் சாமான் சேர், நாங்க கெட்டப்போல் அடிக்கலையா?" என்று கேட்கிறீர்கள்.

கெட்டப்போல் அடித்தது பேரிக்காய்க்கு. இதில் பிள்ளை சுடுவது இன்னொரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து. இரண்டும் ஒன்றா?

இதே 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குண்டை வைத்துப் பெரியவர்கள் விளையாடுவதற்குப் பெயர் ஏர்சாஃப்ட். 1970களில் ஜப்பானில் தொடங்கியது. முறையாக நடத்தும் மைதானத்தில் கண்கவசம் இல்லாமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். 1 ஜூல் துப்பாக்கியிலிருந்து 0.2 கிராம் குண்டு செக்கனுக்கு 100 மீற்றர், அதாவது மணிக்கு 360 கிலோமீற்றர் வேகத்தில் வரும். கடையில் வாங்கும் மலிவுத் துப்பாக்கிக்கு அந்த வேகம் இருக்காது, சரி. ஆனால் ஐந்தடி தூரத்தில் நின்று சுட்டால், இமை மூடுவதற்குள் குண்டு கண்ணில் பட்டுவிடும். கண்ணுக்குள் இரத்தம் கசியலாம், புரை விழலாம், பல வருடம் கழித்தும் கண் அழுத்தம் கூடலாம். வளர்ந்த மனிதன் கவசம் போட்டு விளையாடுவதை எட்டு வயதுப் பிள்ளை வெறும் கண்ணோடு விளையாடுகிறது. இதுதான் "சும்மா விளையாட்டா"?

மார்க்கம் பேசுவோருக்கும் ஒன்று. சிறு கல்லைச் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதனால் வேட்டையும் கிடைக்காது, பகைவனும் வீழமாட்டான், கண்ணும் பல்லும்தான் போகும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். சுண்டுவிரல் நுனியளவு கல்லுக்கே அந்தக் கவனம் என்றால் இதற்கு?

"கூலிங் கிளாஸ் போட்டுத்தானே விளையாடுறான்" என்பது அடுத்த சமாதானம். அது வெயிலுக்குச் செய்தது. உடைந்தால் அதன் துண்டே கண்ணுக்குள் போகும், பக்கவாட்டிலும் திறந்திருக்கும். வலைக்கண்ணாடியும் வேண்டாம், உடைந்த குண்டின் துகள் ஓட்டை வழியே வரும்.

வாங்குவதென்றால் பொலிகாபனேற் கண்கவசம் வாங்குங்கள். லென்ஸிலும் பிரேமிலும் உள்ள முத்திரையைப் பாருங்கள். இஎன் 166 தரத்தில் 'எஃப்' எழுத்து என்றால், செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்தில் வரும் 6 மில்லிமீற்றர் உருக்குக் குண்டைத் தாங்கியது. 'பி' என்றால் 120 மீற்றர். 'பி'யையே எடுங்கள். அமெரிக்கத் தரமென்றால் இசட்87க்குப் பிறகு கூட்டல் குறி இருக்க வேண்டும். முத்திரை இல்லாததை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். முகத்தோடு ஒட்டி, பக்கமெல்லாம் மூடி, வார் இறுக்கமாக இருக்க வேண்டும். பார்வைக்குக் கண்ணாடி போடும் பிள்ளைக்கு அதற்கு மேலே போடக்கூடிய அளவில் வாங்க வேண்டும்.

நம் ஊர்க் குளிருக்கும் மூடுபனிக்கும் கவசத்தில் நீராவி படியும். பிள்ளை துடைப்பதற்காகக் கழற்றும் அந்த நிமிடம்தான் ஆபத்து. காற்றுத் துளையும் நீராவி படியாத பூச்சும் உள்ளதைத் தேடுங்கள். எல்லாத் துப்பாக்கியையும் கீழே வைத்த பிறகே கழற்றலாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

வியாபாரிச் சகோதரர்களே, துப்பாக்கி தொங்கும் கம்பியில் கண்கவசமும் தொங்கட்டும். முடியாதென்றால் துப்பாக்கியையும் இறக்கிவிடுங்கள். வாப்பாமாரே, இரண்டுக்கும் காசு போதாவிட்டால் பந்து வாங்கிக் கொடுங்கள்.

மீறி அடிபட்டால் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், வீட்டிலிருக்கும் சொட்டுமருந்தை விடாதீர்கள். கடதாசிக் கோப்பையின் அடிப்பகுதியால் கண்ணில் படாமல் மூடி, உடனே நுவரெலியா வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். "காலையில பார்ப்பம்" என்று படுக்க வைக்காதீர்கள்.

கவசம் இல்லாத வீட்டில் துப்பாக்கியும் இருக்கக் கூடாது. இந்தப் பெருநாளிலிருந்தே இதை நம் ஊரின் சட்டமாக்குவோம்.