சிறுகக் கட்டிப் பெருக வாழ்வோம்

'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்பது முன்னோர் வாக்கு. வீடு சிறியதென்று வருந்தும் தோழியரே, ஜப்பானியரின் மரபு வீட்டைப் பாருங்கள்! அங்கே அறையின் அளவையே பாய்க்கணக்கில் சொல்வர். ஆறு பாய் அறை ஏறத்தாழ 10 சதுர மீட்டர்தான். இரவில் மெத்தை விரித்தால் அது படுக்கையறை. காலையில் மடித்துச் சுவரலமாரியில் வைத்து, குட்டை மேசையைப் போட்டால் அதுவே உணவறை, படிப்பறை. பொருள் அடையாத வெறுந்தரையே அதன் அழகு.

நம் வீட்டிலும் பாயைச் சுருட்டினால் கூடம் பிறக்கும். ஆனால், எல்லோர் பாயையும் அம்மா ஒருவரே சுருட்டுவது முறையா? அண்ணன் தம்பியர் உட்பட அவரவர் பாயை அவரவரே சுருட்டட்டும். மாலையில் ஒரு மூலையைப் படிப்பவர்க்கு ஒதுக்கித் தொலைக்காட்சியின் ஒலியைத் தணிப்போம். சின்ன வீட்டில் ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுப்பதே பெரிய வசதி.