விளியே பெயரான வரலாறு



தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசும் சீர்திருத்தச் சபையினர் தம் போதகரை 'டோமினி' என்பர். இச்சொல் எங்கிருந்து வந்தது?

இலத்தீனில் 'தோமுஸ்' என்பது வீடு. வீட்டை ஆள்பவன் 'தோமினுஸ்', அதாவது தலைவன். அவனை அழைக்குங்கால் ஈறு திரிந்து 'தோமினே' என்றாகும். தமிழில் 'தலைவன்' என்பது விளிவேற்றுமையில் 'தலைவா' என்றாவதைப் போன்றதே இது. இலத்தீன் திருப்பலியைக் கேட்டு வளர்ந்த மூத்தோர் இச்சொல்லை அறிவர். அங்கே அது ஆண்டவரை நோக்கி எழும் கூப்பீடு.

ஒல்லாந்து நாட்டில் இலத்தீன் கற்றோர் மொழியாக விளங்கிய காலத்தில், கல்விமான்களையும் போதகர்களையும் 'தோமினே' என விளிப்பது மரியாதையாயிருந்தது. நாளடைவில் விளியே பெயராயிற்று. ஸ்காட்லாந்தில் அச்சொல் பள்ளி ஆசிரியரைக் குறித்தது. 1652-இல் ஒல்லாந்தர் நன்னம்பிக்கை முனையில் குடியேறினர். அவர்கள் மொழியினின்று கிளைத்த ஆப்பிரிக்கான்ஸிலும் இச்சொல் நிலைத்தது. அம்மொழியில் பணிவாகப் பேசுவோர் போதகரிடம் 'நீங்கள்' என்றுகூடச் சொல்லத் தயங்குவர். அவ்விடத்திலும் 'டோமினி' என்றே மீண்டும் மீண்டும் கூறுவர்.

இத்துணை மரியாதை பெற்றவருக்கும் மேலே ஒரு தலைவர் உண்டன்றோ? அதை வாழ்ந்து காட்டியவர் பேயர்ஸ் நௌடே. போதகரின் மகனாக 1915-இல் பிறந்து, தாமும் போதகரானார். அவர் சபையோ இனஒதுக்கலுக்கு வேதாகமத்திலிருந்தே நியாயம் தேடியது. 1960-இல் ஷார்ப்வில்லில் காவலர் சுட்டு 69 கறுப்பின மக்கள் மாண்டனர். அதன்பின் அவர் மனச்சான்று அமைதி கொள்ளவில்லை. 1963-இல், மனிதருக்கன்று, கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று ஜோகன்னஸ்பர்க்கில் தம் சபையாருக்குப் போதித்துவிட்டு, இனவேற்றுமையை எதிர்த்த கிறிஸ்தவ நிறுவனம் ஒன்றின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். அதனால் போதகர் என்னும் தகுதியை இழந்தார். 1977 முதல் 1984 வரை அரசின் தடையாணைக்கும் உள்ளானார்.

'டோமினி' என்னும் பட்டம் அவரை விட்டு அகன்றது; 'தோமினே' என்று அவர் அழைத்த ஆண்டவர் அகலவில்லை. மக்கள் நம்மைத் தலைவரென விளிக்கும்போதெல்லாம், நாம் யாரைத் தலைவரென விளிக்கிறோம் என்பதை மறவாதிருப்போமாக!