ஆளுக்கு எழுதுவதா, கூகுளுக்கு எழுதுவதா?

இணையத்தில் எழுதுகிற ஆட்களை இரண்டு கட்சியாகப் பிரிக்கலாம். முதல் கட்சி: "நல்லா எழுது, ஆளுங்க தானா வருவாங்க." இரண்டாவது கட்சி: "எவ்வளவு நல்லா எழுதினாலும் கூகுள் காட்டலைன்னா எவன் படிப்பான்? முதல்ல கீவேர்டைப் பாரு." முதல் கட்சிக்காரர்கள் எழுதியதை அவர்கள் நண்பர்கள் மட்டும் படிக்கிறார்கள். இரண்டாவது கட்சிக்காரர்கள் எழுதியதை எல்லோரும் திறக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. :)

இரண்டும் இரண்டு தனி வேலை என்று நினைப்பதில்தான் கோளாறு என்பது என் கருத்து. தேடுகிறவர் என்ன கேட்கிறார் என்று அவர் வார்த்தையிலேயே தெரிந்துகொண்டு, பதிலை முதலில் சொல்லி, தெரிந்ததை மட்டும் எழுதினால் ஆளுக்கும் கூகுளுக்கும் ஒரே கட்டுரை போதும். சும்மா சொல்லவில்லை, காரணம் சொல்கிறேன்.

கொஞ்சம் பழைய கதை

1998ல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளை ஆரம்பித்தபோது அவர்கள் கையில் இருந்த பெரிய யோசனை ஒன்றுதான். ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் இணைப்பு கொடுத்தால் அது ஒரு ஓட்டு மாதிரி. பெரிய பக்கம் போட்ட ஓட்டுக்கு மதிப்பு அதிகம். ஓட்டு என்று வந்துவிட்டால் கள்ள ஓட்டும் வருமே! இணைப்பை விலைக்கு விற்றார்கள். ஒரே வார்த்தையை நூறு தடவை எழுதினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் வார்த்தைகளைக் கொட்டினார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும் என்ற கணக்கு.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் கூகுள் ஒவ்வொரு கதவாகப் பூட்டிய கதை. பக்கத்தின் தலைப்பகுதியில் மறைத்து வைக்கிற கீவேர்ட் பட்டியலை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று 2009லேயே சொல்லிவிட்டார்கள். 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற மாற்றம் வந்தது. மலிவாகக் கட்டுரை தயாரித்துக் குவிக்கிற தளங்களுக்கு அது அடி. அமெரிக்காவில் செய்யப்படும் தேடல்களில் கிட்டத்தட்ட 12 சதவீதத்தை அது பாதிக்கிறது என்று கூகுளே அறிவித்தது. 2012 ஏப்ரலில் பென்குவின், கள்ள இணைப்புகளுக்கு. 2022 ஆகஸ்டில் "உதவிகரமான உள்ளடக்கம்" என்ற பெயரில் ஒரு மாற்றம், 2024 மார்ச்சில் அதை மைய முறையோடு சேர்த்துவிட்டார்கள்.

2023ல் அமெரிக்காவில் கூகுள் மீதான ஏகபோக வழக்கில் அந்நிறுவனத்தின் தேடல் அதிகாரி பாண்டு நாயக் சாட்சி சொன்னார். மக்கள் எதைச் சொடுக்குகிறார்கள் என்ற தரவைப் பயன்படுத்தும் நாவ்பூஸ்ட் என்ற முறை அங்கே வெளிச்சத்துக்கு வந்தது.

இதை ஆட்டோ ஸ்டாண்டு கணக்காகப் பாருங்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவர் "நல்ல சாப்பாட்டுக் கடை எங்கேண்ணே?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்கிறார். ஆட்டோக்காரர் எல்லாக் கடையிலும் சாப்பிட்டுப் பார்த்தவர் இல்லை. யார் திருப்தியாகத் திரும்பினார்கள், யார் திட்டிக்கொண்டே வந்தார்கள் என்று பார்த்து வழி சொல்கிறார். போர்டை மட்டும் பெரிதாக வைத்து அவரைக் கொஞ்ச நாள் ஏமாற்றலாம். கடைசியில் ஜெயிப்பது சாம்பார்தான்.

தேய்மானம் என்றால் என்ன?

நான் காமர்ஸ் மாணவன் என்பதால் எனக்குத் தெரிந்த சரக்கிலிருந்தே உதாரணம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் "தேய்மானம் என்றால் என்ன" என்று தேடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீவேர்ட் கட்சிக்காரர் எழுதும் கட்டுரை இப்படி ஆரம்பிக்கும்:

"இன்றைய நவீன உலகில் கணக்கியல் மிக முக்கியமான இடத்தை வகிக்கிறது. நீங்கள் தேய்மானம் என்றால் என்ன என்று தேடுகிறீர்களா? தேய்மானம் என்றால் என்ன என்பதை இந்தக் கட்டுரையில் விரிவாகக் காண்போம். தேய்மானம் என்றால் என்ன என்பதற்கு முன் கணக்கியல் என்றால் என்ன என்று பார்ப்போம்."

அப்புறம் 1494ல் வெனிஸ் நகரில் லூகா பசியோலி புத்தகம் போட்ட கதை வரும். நடுநடுவே மூன்று விளம்பரம். பதில் வருவதற்குள் அந்தப் பெண் தூங்கிப்போயிருப்பாள்.

இதே விஷயத்தை இப்படியும் எழுதலாம்: "ஒரு இயந்திரத்தைப் பயன்படுத்துவதாலும் காலம் போவதாலும் அதன் மதிப்பு வருடா வருடம் குறையும். அந்தக் குறைவைச் செலவாகக் கணக்கில் எழுதுவதுதான் தேய்மானம். 1,00,000 ரூபாய்க்கு வாங்கிய இயந்திரம் 10 வருடம் உழைக்கும், கடைசியில் 10,000 ரூபாய்க்கு விற்கலாம் என்றால், நேர்கோட்டு முறையில் வருடத்துக்குத் தேய்மானம் 9,000 ரூபாய்." முடிந்தது. கேட்டதற்குப் பதில் நாலு வரியில் வந்துவிட்டது. குறைந்து செல் இருப்பு முறை, குறிப்பேட்டுப் பதிவு, வழக்கமாக மாணவர்கள் எங்கே மார்க் விடுகிறார்கள் என்பதெல்லாம் அதற்குக் கீழே, தனித்தனித் துணைத்தலைப்பில். வேண்டியவர் படிப்பார்.

இந்த இரண்டாவது கட்டுரையில் கீவேர்ட் இல்லையா? இருக்கிறது. தேய்மானம், நேர்கோட்டு முறை, இயந்திரம், குறிப்பேடு எல்லாம் தானாகவே வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரு விஷயத்தை ஒழுங்காக விளக்கினால் அந்த விஷயத்துக்குரிய வார்த்தைகள் வராமல் எப்படிப் போகும்?

முதல் மாதிரிக் கட்டுரை ஏன் குறையவில்லை என்றால், காமர்ஸ்காரன் பதில் சொல்கிறேன்: பணம். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் தமிழ்ப் பக்கங்களுக்கு 2018ல்தான் வந்தது. கீழே இறங்க இறங்க விளம்பரம் கூடும், ஆகவே பதிலைத் தள்ளிப்போடுவதில் வருமானம் இருக்கிறது. வாசகரின் நேரம்தான் அங்கே மூலப்பொருள். அதற்கு அவருக்கு யாரும் விலை கொடுப்பதில்லை.

தமிழுக்கு என்று தனிச் சிக்கல்கள்

இங்கிலீஷுக்கு எழுதிய எஸ்.இ.ஓ பாடத்தை அப்படியே தமிழுக்குப் போட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஒரு வார்த்தையை மாற்றாமல் அப்படியே திரும்பத் திரும்ப எழுது என்று அந்தப் பாடம் சொல்லும். தமிழில் வார்த்தை சும்மா நிற்காது. தேய்மானத்தை, தேய்மானத்தால், தேய்மானத்துக்கு, தேய்மானமும் என்று வேற்றுமை ஏறிக்கொண்டே போகும். அதைத் தடுத்து "தேய்மானம் கணக்கிடுவது தேய்மானம் முறைகள்" என்று எழுதினால் அது தமிழும் இல்லை, தந்தியும் இல்லை. உருபோடு இயல்பாக எழுதுங்கள். தலைப்பிலும் முதல் வரியிலும் வேர்ச்சொல் தெளிவாக ஒரு தடவை வந்தால் போதும்.

அடுத்தது, யார் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்பது. தமிழ்நாட்டுப் பாடநூலில் இருப்புநிலைக் குறிப்பு என்று இருப்பதை இலங்கை மாணவர்கள் ஐந்தொகை என்பார்கள். நம்முடைய இருப்பாய்வு அவர்களுக்குப் பரீட்சை மீதி. நம்முடைய தேய்மானம் அவர்களுக்குப் பெறுமானத் தேய்வு. கடைத்தெருவில் கணக்கு எழுதுகிறவரோ மூன்றையும் விட்டுவிட்டு பேலன்ஸ் ஷீட், டிரையல் பேலன்ஸ், டிப்ரிசியேஷன் என்றுதான் சொல்வார். எழுதுகிறவர் முதல் பத்தியில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்: "இருப்புநிலைக் குறிப்பு, அதாவது பேலன்ஸ் ஷீட், இலங்கையில் ஐந்தொகை." கூகுளுக்கு மூன்று வழி திறந்தாச்சு. அதைவிட முக்கியம், யாழ்ப்பாணத்து மாணவனும் திண்டுக்கல் மாணவியும் கடைக் கணக்குப்பிள்ளையும் "இது எனக்கும்தான்" என்று புரிந்துகொள்கிறார்கள். இதைக் கீவேர்ட் வேலை என்றும் சொல்லலாம், மரியாதை என்றும் சொல்லலாம்.

மூன்றாவது, எழுத்துரு. ஒரு காலத்தில் டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்தோம். இப்போது யூனிகோடு வந்து அந்தத் தலைவலி பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாளையும் நோட்ஸையும் அப்படியே பி.டி.எஃப் ஆக்கி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு அழகான தமிழ். உள்ளே இயந்திரத்துக்குத் தெரிவது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஒரு ஆசிரியர் வருடக்கணக்கில் உழைத்துத் தயாரித்த நோட்ஸ் யார் தேடினாலும் கிடைக்காமல் கிடக்கிறது. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அரை மணி நேர வேலை. "நல்லா எழுது, தானா வருவாங்க" கட்சிக்கு என் பதில் இந்த நோட்ஸ்தான். நல்ல எழுத்தும் கதவைத் திறந்து வைத்தால்தான் ஆள் உள்ளே வர முடியும்.

நீளமும் தேதியும்

கட்டுரை இத்தனை வார்த்தை இருந்தால்தான் மேலே வரும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படி விருப்பமான நீளம் எதுவும் தங்களுக்கு இல்லை என்று கூகுளின் சொந்த வழிகாட்டியே சொல்கிறது. கேள்வி சின்னதென்றால் பதிலும் சின்னதாக இருக்கட்டும்.

தேதி விவகாரம் இதைவிட மோசம். உள்ளே ஒன்றும் மாற்றாமல் மேலே தேதியை மட்டும் மாற்றிப் புதிதாகக் காட்டுவது. இதுவும் அந்த வழிகாட்டியின் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறது. இதனால் யாருக்கு நஷ்டம்? ஜி.எஸ்.டி 2017 ஜூலை 1ல் வந்தபோது 5, 12, 18, 28 என்று முக்கியமான நாலு விகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்களுக்கு 5, 18 என்று இரண்டாகச் சுருக்கினார்கள், சில பொருட்களுக்கு 40. பழைய நாலு விகிதக் கட்டுரைக்குப் புதுத் தேதி ஒட்டி வைத்தால், அதை நம்பிப் பில் போடுகிற சின்னக் கடைக்காரர்தான் மாட்டுவார். எழுதியவருக்கு ஒன்றும் ஆகாது. வருடத்தை வாக்கியத்துக்குள்ளேயே எழுதுங்கள். பழையதானால் பழையது என்று மேலே ஒரு வரி போடுங்கள்.

இனிமேல்தான் முக்கியம்

2024லிருந்து இந்தியாவிலும் கூகுள் தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வர ஆரம்பித்துவிட்டது. "இனி யார் நம் பக்கத்துக்கு வரப்போகிறார்கள்?" என்று பல பேர் பேனாவை மூடுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஒரு வரி விளக்கம் வேண்டியவர் மேலேயே படித்துவிட்டுப் போய்விடுவார், அவர் நமக்கு வரமாட்டார்.

ஆனால் அந்தச் சுருக்கம் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. யாரோ எழுதி வைத்ததைத்தான் அது பிசைந்து கொடுக்கிறது. தமிழில் கணக்கியல் பற்றி இணையத்தில் இருப்பதெல்லாம் "இன்றைய நவீன உலகில்" மட்டும்தான் என்றால், நாளைக்கு அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கிற பதிலும் அந்தத் தரத்தில்தான் இருக்கும். இங்கிலீஷ் மீடியம் மாணவிக்கு ஆயிரம் நல்ல பக்கம் இருக்கிறது. ஒன்று தப்பாக இருந்தாலும் இன்னொன்று சரியாக இருக்கும். தமிழ் மீடியம் மாணவிக்கு இருப்பதே பத்து என்றால் அதில் ஆறு சக்கையாக இருப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

அதனால் என் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமக்கு உள்ளங்கை நெல்லிக்கனி மாதிரித் தெரிந்த பாடம் ஒன்றாவது இருக்கும். வங்கிச் சரிகட்டும் பட்டியலோ, கூட்டாண்மைக் கணக்கில் நற்பெயரோ, எதுவானாலும் சரி. அதில் ஜூனியர்கள் நம்மிடம் வந்து கேட்கிற கேள்வியை அவர்கள் வார்த்தையிலேயே தலைப்பாக வையுங்கள். முதல் பத்தியில் பதில். அடுத்து நீங்களே போட்ட ஒரு கணக்கு. இரண்டு நாட்டுக் கலைச்சொல்லும் பேச்சுச் சொல்லும் ஒரு தடவை. யூனிகோடில், வருடத்தோடு. அவ்வளவுதான் எஸ்.இ.ஓ. மீதி ரகசியம் என்று யாராவது காசு கேட்டால் அந்தக் காசுக்கு டீயும் வடையும் வாங்கிச் சாப்பிடுங்கள். :)